எண்ணிக்கைக்கு ஒருத்தி

செப்டம்பர் 25, கோவில்பட்டி

மூன்று பஸ் மாறி, கழுத்து பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். லாட்ஜில் சுடுதண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தானாம். மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் காற்று வரவில்லை. போட்டி நடக்கிற கல்யாண மண்டபம் எதிரிலேயே இருக்கிறது என்பது ஒன்றுதான் இன்றைக்கு நடந்த நல்லது.

மாநில சதுரங்க அணிக்கான தேர்வு. ஐந்து நாள், ஒன்பது சுற்று. முதல் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காக ஆடப் போவார்கள். நான் இதே போட்டியில் மூன்று முறை ஐந்தாவதாக வந்திருக்கிறேன். பத்தாவதாக வந்தவன் நிம்மதியாக ஊருக்குப் போய்ச் சேருவான். ஐந்தாவதாக வந்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஜனவரியிலிருந்து மில்லில் என்னை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்குகிறார்கள். அதற்கப்புறம் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு என்பது கனவில்தான். ஆகவே இந்த முறை விட்டால் விட்டதுதான்.

கோகிலாவும் வந்திருக்கிறாள். அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு விடுமுறை. மகள் மிருதுளாவைக் கோகிலாவின் அக்கா வீட்டில் விட்டாயிற்று. கோகிலா இல்லாமல் நான் போட்டிக்குப் போனதில்லை. மறுநாள் எதிராளி யார் என்று தெரிந்ததும் அவனுடைய பழைய ஆட்டங்களை லேப்டாப்பில் தேடி எடுப்பாள். பிறகு அவனாகவே என் முன்னால் உட்காருவாள். அவன் எந்தக் காயை எப்போது நகர்த்துவானோ அதையே நகர்த்துவாள். நான் என் பதில்களைச் சரிபார்த்துக்கொள்வேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக இதுதான் எங்கள் முறை. நன்றாகத்தான் போகிறது.

இன்று என் பிரெஞ்சு டிஃபென்ஸைப் பார்த்தோம். கறுப்புக் காய் கிடைத்தால் நான் ஆடுகிற தொடக்கம் அது ஒன்றுதான். வெள்ளை தன் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் நான் என் ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக் கோட்டை கட்டுவேன். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று ஜூனில் கோகிலா கண்டுபிடித்தாள். பதினோராவது நகர்வில் வெள்ளை ராணி என் ராஜா பக்கம் பாய்ந்தால் பதில் இல்லை. இன்றும் அதையே சொன்னாள். "அதெல்லாம் ஒருத்தனும் ஆட மாட்டான், விடு" என்றேன். எனக்கே தெரியும் ஓட்டை என்று. போட்டிக்கு முந்தின நாள் அதை ஞாபகப்படுத்த வேண்டுமா?

செப்டம்பர் 26

காலையிலேயே ஒரு கூத்து. வந்த ஆட்கள் எழுபத்தொரு பேர். ஒற்றைப்படை. ஒருவனுக்கு ஜோடி கிடைக்காமல் சும்மா உட்கார வேண்டிவரும். தலைமை நடுவர் ஜெபமணி சார் மண்டப வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கோகிலாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ, நம்ம கோகிலவாணில்லா! காலேஜ் டீமுக்கு ஆடுன புள்ளதானம்மா நீ? இங்கன வா. எண்ணிக்கைக்கு ஒரு ஆளு கொறையுது. நீ உக்காந்துட்டேன்னா எழுவத்திரண்டு ஆயிரும். ஒன் பேரு, ரேட்டிங்கு எல்லாம் இன்னும் பதிவுல கெடக்கு."

"சார், அவ ஆடி ரொம்ப வருசம் ஆச்சுங்க" என்று நான் ஆரம்பித்தேன்.

"ஆடறேனுங்க சார்" என்றாள் கோகிலா. நான் வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை.

எனக்கு ஒன்றும் ஆட்சேபணை கிடையாது. ஆனால் இவளும் ஆடப் போய்விட்டால் என் எதிராளிகளை யார் பார்ப்பது? நியாயமான கவலைதானே. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

முதல் சுற்று ஜெயித்தேன். இரண்டாவதில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை டிரா பண்ணித் தொலைத்தேன். காரணம்: அவசரம், மற்றும் பக்கத்து போர்டுக்காரன் விடாமல் மூக்கை உறிஞ்சியது.

கோகிலா முதல் ஆட்டம் தோற்றாள். "பரவால்ல விடு, ரொம்ப நாளாச்சுல்ல" என்று ஆறுதல் சொன்னேன். இரண்டாவது ஜெயித்தாளாம். எதிராளிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும்.

செப்டம்பர் 27

இரண்டு ஆட்டமும் ஜெயித்தேன். ஆனால் சந்தோஷமாக இல்லை. நடுவில் தயாரிப்புக்கு நேரமே கிடைக்கவில்லை. காலை ஆட்டத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் காத்திருந்தேன். கோகிலாவின் ஆட்டம் முடிவதாக இல்லை. எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவள் போர்டு மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நான் சாப்பிடப் போகிற வாசல் இந்தப் பக்கம்.

தனியாகப் போய்ப் பரோட்டா சாப்பிட்டேன். சால்னாவில் உப்பு அதிகம். அடுத்த எதிராளியின் ஆட்டங்களை நானே தேட உட்கார்ந்தேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கோகிலா எதையோ எதிலோ போட்டு வைத்திருக்கிறாள். அவள் வந்து ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அவளும் இரண்டு ஜெயித்தாள்.

செப்டம்பர் 28

ஒரு டிரா, ஒரு தோல்வி. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். ஆனால் இன்றைக்கு நான் உட்கார்ந்த நாற்காலி உண்மையிலேயே கோணல்தான். ஒரு கால் குட்டை. ஜெபமணி சாரிடம் காட்டினேன். அட்டையை மடித்து அடியில் வைத்தார். அதற்குள் என் யானை போய்விட்டது.

நாலரைப் பாயிண்ட் கூட இல்லை, நாலுதான். இன்னும் மூன்று சுற்று. மூன்றும் ஜெயித்தால்தான் உண்டு.

கோகிலாவும் ஒன்று தோற்று ஒன்று ஜெயித்தாள். அவளுக்கும் நாலு. ராத்திரிச் சாப்பாட்டில், "உங்க ஆறாவது ஆட்டத்துல அந்த யானைய எதுக்குங்க அங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். நாற்காலி என்று சொன்னேன்.

செப்டம்பர் 29

இரண்டும் ஜெயித்தேன்! ஏழாவதும் எட்டாவதும். எட்டாவது ஆட்டம் என் வாழ்க்கையிலேயே நன்றாக ஆடியது என்று சொல்வேன். ஆறு பாயிண்ட். மேலே மூன்று பேர் எட்டாத உயரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் அணிக்குள் போய்விட்டார்கள். நாலாவது இடம் மட்டும் காலி. ஆறு பாயிண்டில் இருப்பது என்னைத் தவிர ஒரே ஒரு ஆள்.

சாயங்காலம் கடைசிச் சுற்றின் ஜோடிப் பட்டியலை 'மணமகள் அறை' என்று எழுதியிருந்த கதவில் ஒட்டினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பார்த்தேன். நாலாவது போர்டு. கறுப்பு: பூபதி, அதாவது நான். வெள்ளை: கோகிலவாணி ரங்கசாமி.

யாரடா இது ரங்கசாமி என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகுதான் அது என் மாமனார் பெயர் என்று உறைத்தது. அவளுடைய பழைய பதிவு அப்பா பெயரோடு இருக்கிறது.

ஜெயிப்பவருக்கு இடம். டிரா ஆனால் இரண்டு பேருக்கும் பெப்பே. பின்னால் ஐந்தரையில் நிற்கிற கூட்டத்திலிருந்து ஒருவன் ஜெயித்து எங்களோடு சமமாகி, டை-பிரேக் கணக்கில் உள்ளே நுழைந்துவிடுவான்.

சேலத்து அருள்செல்வன் என் தோளில் கை போட்டான். பத்து வருஷமாகப் போட்டிகளில் பார்க்கிற ஆள். "அப்பறம் என்ன மச்சான், பாயிண்ட் குடும்பத்துக்குள்ளயே இருக்குது. வீட்லயே பேசி முடிச்சுக்க. ஒனக்கு இந்தத் தடவ உறுதி."

ஜெபமணி சார் அந்தப் பக்கம் போனவர் நின்றார். "பேசி வச்சு ஆடுததா தெரிஞ்சுதுன்னு வைங்க, ரெண்டு பேரையும் தூக்கிருவேன் சார். பொண்டாட்டி புருசன்னுலாம் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

நான் எதுவும் பேசி வைக்கிற ஆள் கிடையாது. அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

அறைக்கு வந்தோம். கோகிலா ரிசப்ஷனிலிருந்து அயர்ன் பாக்ஸ் வாங்கி வந்தாள்.

"நாளைக்கு எந்தச் சட்டைங்க?"

"நீலம்."

நீலச் சட்டை எனக்கு ராசி. அதைக் காலர், கை மடிப்பு எல்லாம் பார்த்துத் தேய்த்து மாட்டினாள். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. பிறகு தன் சுடிதாரையும் அதே அக்கறையோடு தேய்த்தாள்.

"லேப்டாப் உனக்கு வேணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. நீங்களே வெச்சுக்குங்க. உங்க ஆட்டந்தான் எனக்குத் தெரியுமே."

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தட்டியது. அவள் வெள்ளைக் காய். முதல் நகர்வு என்ன ஆடுவாள்?

யோசித்தேன். பதினோரு வருஷமாக என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மதுரைக்காரனாக உட்கார்ந்திருக்கிறாள், சென்னைக்காரனாக உட்கார்ந்திருக்கிறாள், தாடி வைத்த ஒரு பேங்க் ஆபீசராகக்கூட உட்கார்ந்து அவன் மாதிரியே தாடையைத் தடவியிருக்கிறாள். அவள் அவளாக உட்கார்ந்தால் எந்தக் காயை எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. லேப்டாப்பில் தேடினேன். என் பெயரோடு சேர்த்துத் தேடினேன், அப்பா பெயரோடு சேர்த்துத் தேடினேன். ஓர் ஆட்டம்கூட இல்லை. இந்த நாலு நாளில் ஒரு தடவையாவது அவள் போர்டுப் பக்கம் போயிருக்கலாம்.

கீழே போய் அருள்செல்வனுக்குப் போன் செய்தேன். ஆறாவது சுற்றில் அவன் அவளிடம் தோற்றிருந்தான். "அவ வெள்ளையில என்ன ஓபனிங் ஆடறா, தெரியுமா?"

அவன் கொஞ்ச நேரம் சிரித்தான். "அவங்களுக்கு எங்கூடக் கருப்பு மச்சான். ஆமா, ஒன் பொண்டாட்டி என்ன ஆடுவாங்கன்னு என்னையக் கேக்கறியா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேலே வந்தபோது மிருதுளா போனில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது.

"அப்பா, அம்மா ஆறு பாயிண்ட்டாமா! நீங்க எத்தன?"

"ஆறுதான் கண்ணு."

"அப்ப சேம் சேம். நாளைக்கு யாருப்பா ஜெயிப்பீங்க?"

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "விளையாடிட்டுச் சொல்றோம், நீ பெரியம்மா சொல்றதக் கேட்டு நட" என்று அவளே பேசி வைத்தாள்.

போன் வைத்த பிறகு ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுதப் போவதில்லை. அவள் துணியை மடித்தாள். காலியான தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தாள். கடைசியில் நானே, "ஜெபமணி சார் உன்னைய எண்ணிக்கைக்குத்தான கூப்ட்டாரு" என்றேன். சும்மா சொன்னேன்.

"ஆமாங்க. எழுவத்திரண்டாவது ஆளு" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது பேச்சு தொடர்ந்திருக்கும்.

சரி, அவளிடம் இருக்கிற ஆயுதம் ஒன்றுதான். ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவாள். நான் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடுவேன். பதினோராவது நகர்வில் ராணியைப் பாய்ச்சுவாள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து அந்த ஓட்டையை அடைக்க வழி தேடினேன். அறையில் வைத்துத் தேட முடியாதே. ஒருவழியாகக் கிடைத்தது. யானையை முன்கூட்டியே நகர்த்திவிட்டால் தப்பிக்கலாம். நிம்மதியாக மேலே ஏறினேன்.

செப்டம்பர் 30

தோற்றேன்.

அதே நாள், பஸ்ஸில்

ஆடிய அன்றே காரணத்தை எழுதிவிட வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. எழுதுகிறேன்.

போர்டில் உட்கார்ந்ததும் கை கொடுக்க வேண்டும். கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்திருக்கிறேன். கை குலுக்கியது இன்றுதான் முதல் தடவை. அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. பிறகு வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே தோன்றியிருக்கும் போல. எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். கறுப்புக்காரன்தான் கடிகாரத்தை ஓட விட வேண்டும். அழுத்தினேன்.

அவள் ராஜாவின் சிப்பாயைத் தொடவில்லை. இடது ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாய். அதையும் இரண்டு கட்டம் கூட இல்லை. ஒரே ஒரு கட்டம்.

கை தவறிவிட்டதோ என்று பார்த்தேன். எழுதும் தாளில் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தொடக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் எதிராளிகள் யாரும் அதை ஆடுகிறவர்கள் இல்லை, அதனால் அதை ஆடச் சொல்லி நான் அவளை உட்கார வைத்ததும் இல்லை. நேற்று ராத்திரி அடைத்த ஓட்டை, தேடிப் பிடித்த யானை நகர்வு, எல்லாம் வீண். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் பத்து நிமிஷம் பலகையே கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தச் சிப்பாய் விட்ட இடத்தில் பிஷப், அதாவது மந்திரி, வந்து உட்கார்ந்தது. மூலையிலிருந்து எதிர்மூலை வரை குறுக்கே பார்த்தது. நான் வேறு வழி தெரியாமல் என் பழைய கோட்டையையே கட்டினேன். ராஜாவைக் கொண்டுபோய் அந்தப் பிஷப் பார்க்கிற மூலைப் பக்கமே ஒளித்துவைத்தேன். பழக்கம். நடுவில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெட்டினேன். வெட்டியிருக்கக் கூடாது. அவள் சிப்பாய் திருப்பி வெட்டி அதே இடத்தில் நின்றது, என் இன்னொரு குதிரை ஓடியது, அவள் யானைக்குப் பாதை திறந்தது.

ஆனால் அதே சிப்பாய் அவளுடைய பிஷப்பின் வழியையும் மறைத்துக்கொண்டு நின்றது. அது எனக்குச் சாதகம். இப்போது ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சி யானையின் பாதையை அடைத்துவிட்டால் தப்பித்துவிடுவேன். பாய்ச்சினேன். பாய்ச்சிவிட்டு மெல்ல, "டிராவா?" என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. டிராவால் எங்கள் இருவருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சதுரங்கத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு கட்டம் பாய்கிற சிப்பாயைப் பக்கத்தில் நிற்கிற எதிரிச் சிப்பாய், அது ஒரு கட்டம்தான் வந்தது போல வைத்து வெட்டிவிடலாம். ஆனால் உடனே அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும். வேறு எதையாவது ஆடிவிட்டால் அந்த உரிமை அப்புறம் கிடைக்காது. அவள் சிப்பாய் சரியாக அந்தப் பக்கத்துக் கட்டத்தில்தான் நின்றது. வெட்டினால் பிஷப்பின் வழி முழுக்கத் திறக்கும், யானையும் உள்ளே வரும், என் ராஜா போயிற்று. அது எனக்கு விரலை எடுத்த அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் இருக்காது. பார்த்தவுடன் தெரிகிற நகர்வு.

அவள் யோசிக்க ஆரம்பித்தாள். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. யோசிக்க அதில் என்ன இருக்கிறது? ஒரு கட்டத்தில் என் நீலச் சட்டையின் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து போர்டுகளில் எழுந்து போனவர்கள் எங்களைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். வேறு ஏதாவது ஆடு, குதிரையை எடு, ராஜாவை நகர்த்து, யாருக்கும் சந்தேகம் வராது, எவருக்கும் கண் தவறிப் போகக்கூடிய நகர்வுதான் என்று நான் மனசுக்குள்... ஒன்றும் நினைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க" என்றாள். வெட்டினாள்.

அப்புறம் ஐந்தாறு நகர்வு. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினேன். இந்த முறை அவள் கை சூடாக இருந்தது. யாரோ கை தட்டினார்கள். ஜெபமணி சார் வந்து, "எண்ணிக்கைக்கு வந்த புள்ள அணிக்குள்ள போயிருச்சு பாத்தீயளா" என்றார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று அருள்செல்வனைக் கேட்டால் சொல்வான்.

ஐந்தாவது இடம்கூட இல்லை. ஏழாவது.

அக்டோபர் 1, வீடு

நேற்று மதுரை வரை இந்த நோட்டில்தான் எழுதிக்கொண்டு வந்தேன். பஸ் மாறி உட்கார்ந்த பிறகு நான்தான் கேட்டேன்.

"ஏன் அத ஆடல?"

"எதைங்க?"

"பதினோராவது நகர்வு. ராணி."

"அது நான் உங்களுக்குச் சொன்னதுங்க. வீட்ல ஒக்காந்து பேசுனதத் தூக்கிட்டுப் போயி வெளிய வெச்சு அடிப்பாங்களா?"

"நான் அத அடைக்கறதுக்கே நேத்து ராத்திரி பூரா ஒக்காந்திருந்தேன்."

"தெரியுமுங்க. பாட்டில் நெரப்பறதுக்குக் கீழ வந்தப்பப் பாத்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருந்தது. அதை மறைக்க இன்னொரு கேள்வி கேட்டேன். "அந்த ஓரத்துச் சிப்பாய் எப்ப இருந்து?"

"காலேஜ்ல இருந்துங்க. நான் எப்பவுமே அதுதான் ஆடுவேன்."

"என்கிட்டச் சொன்னதே இல்லியே."

"நீங்க கேட்டதே இல்லீங்களே."

குத்திக் காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே, நேரம் என்ன என்று சொல்வது போலச் சொன்னாள். ஒரு துண்டை உடைத்து என் கையில் வைத்தாள். மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டது. இந்த ஊர்ப் பயணத்தில் எனக்கு எதுவுமே ஒழுங்காக அமையவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன். "அத்தன நேரம் என்ன யோசிச்ச? பாத்ததும் தெரியற நகர்வுதான அது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "விட்டுக் குடுத்தர்லாமான்னுதானுங்க யோசிச்சேன். விட்டுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போனா மிருதுளா கேப்பாளே, ஏம்மா தோத்தேன்னு. அதுக்கு ஒரு பதிலு தேடுனேன். கெடைக்கவே இல்ல."

எனக்கும் அவள் சொல்லியிருக்கக்கூடிய ஒரு பதில் தோன்றவில்லை. கோயம்புத்தூர் ரோடு வரும்வரை யோசித்துப் பார்த்தேன்.

அக்டோபர் 2

மிருதுளா வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும், "அப்பா, நீங்க அம்மாகிட்டயா தோத்தீங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அக்டோபர் 6

மில்லில் மேனேஜர், "என்னய்யா, இந்தத் தடவையும் அஞ்சாவதா?" என்றார். ஏழாவது என்று திருத்தினேன். யாரிடம் தோற்றேன் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. கொஞ்சம் பெருமையாகச் சொல்லிவிட்டேனோ என்று சாயங்காலம் வரை சந்தேகமாக இருந்தது.

அக்டோபர் 12

நவம்பரில் கோகிலாவுக்கு அகில இந்தியப் போட்டி. லீவு எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. நானும் போகிறேன், வேறு யார் போவது?

இன்று ஞாயிறு. காலையில் சமையல் முடிந்ததும் பலகையை எடுத்து வைத்தாள். மகாராஷ்டிராக்காரி ஒருத்தியின் ஆட்டங்களை எடுத்து வைத்திருந்தாள். "ஏனுங்க, சித்த ஒக்காருங்களே" என்றாள். உட்கார்ந்தேன். நான்தான் இப்போது அந்த மகாராஷ்டிராக்காரி.

கோகிலா இடது ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். நான் என் ராஜாவின் சிப்பாய் மேல் விரலை வைத்தேன்.

"அவ அத ஆட மாட்டாளுங்க. குதிரையத்தான் எடுப்பா. தாளப் பாருங்க."

தாளைப் பார்த்துக் குதிரையை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு நல்ல அடி கண்ணில் பட்டது. உண்மையிலேயே நல்ல அடி. ராணியால் அடித்திருந்தால் கோகிலா திணறியிருப்பாள். "இங்க அடிச்சா?" என்றேன். "அவ அப்படியெல்லாம் அடிக்கற ஆளு இல்லீங்க. அடக்கமா ஆடுவா" என்றாள். அடிக்கவில்லை. அடக்கமாக ஆடித் தோற்றேன். பலகையைத் திரும்ப அடுக்கினோம். இன்னொரு மாதிரி தோற்றேன். மறுபடியும் அடுக்கினோம். மத்தியானச் சாப்பாடு வரை யாரோ முகம் தெரியாத ஒருத்தியாக உட்கார்ந்து அவளுடைய தப்பையெல்லாம் நான் பண்ணிக்கொண்டிருந்தேன். முதுகு வலித்தது. எரிச்சலாக வந்தது. ஓர் ஆட்டம்கூட என் ஆட்டம் இல்லை.

நாளைக்கு உட்காரும்போது ஒரே ஓர் ஆட்டமாவது என் இஷ்டத்துக்கு ஆடலாமா என்று கேட்க நினைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் கோகிலா ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.